கணக்கப்பிள்ளைக்குப் பேசத் தெரியுமா?

ஒவ்வொரு தொழிலுக்கும் ஜனங்கள் ஒரு முகத்தைக் கற்பித்து வைத்திருக்கிறார்கள். வக்கீல் என்றால் வாய் ஓயாதவர். வைத்தியர் என்றால் கையெழுத்து விளங்காதவர். பள்ளிக்கூட உபாத்தியாயர் என்றால் - அதை நாமே சொல்லிக் கொள்வது அழகல்ல. இந்த வரிசையில் மிகவும் பரிதாபத்துக்குரியவர் கணக்கப்பிள்ளைதான். மூக்கு நுனியில் கண்ணாடி, காதிடுக்கில் பேனா, எதிரே பேரேடு. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் ஓர் ஓரமாய் உட்கார்ந்து, ஓர் இலைக்கு எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று மனத்துக்குள் கூட்டிக் கொண்டே சாப்பிடுகிறவர். நாலு பேரோடு நாலு வார்த்தை பேசத் தெரியாதவர். பேரேடு போய்க் கணிப்பொறி வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சித்திரம் மட்டும் சாயம் போகாமல் அப்படியே இருக்கிறது.

இது வெறும் ஹாஸ்யத்தோடு நின்றால் நாம் கவலைப்படப் போவதில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியாகி, பதினோராம் வகுப்பில் சேர்ப்பதற்காகப் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு வருகிற நாட்களில், திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் எதிலாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "இவன் வாயே தெறக்க மாட்டேங்கறானுங்க சார். காமர்ஸ் குடுத்துருங்க. ஏதோ ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல தலையக் குனிஞ்சு உட்கார்ந்து பொழைச்சுக்குவான்" என்பார் ஒரு தகப்பனார். அடுத்தாற்போல் வருகிற அம்மாள், "இவ ஒரே வாயாடிங்க, இவளுக்குக் கணக்குப் புஸ்தகமெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்பார். முன்னவர் மகனுக்கு அவனால் சுமக்க முடியாத தொழிலைச் சிபாரிசு செய்கிறார்; பின்னவர், மகள் பிரகாசிக்கக்கூடிய தொழிலிலிருந்து அவளை விலக்குகிறார். இருவருக்கும் ஆதாரம் அந்தப் பழைய சித்திரந்தான்.

இது எங்கிருந்து வந்ததென்று சிறிது விசாரித்துப் பார்க்கலாம். நம் முன்னோர்கள் கணக்கனைத் தாழ்வாக நினைத்தவர்களல்லர். பழந்தமிழில் "கணக்கு" என்பதற்கு நூல் என்றும் பொருள் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு என்ற பெயரே சாட்சி. "கணக்காயர்" என்றால் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர். ஆகவே உபாத்தியாயரும் கணக்கரும் ஒரு வீட்டுப் பிள்ளைகளே. (பாகப்பிரிவினையில் வருமானமுள்ள பங்கு எவருக்குப் போயிற்று என்பதை நேயர்கள் அறிவார்கள்.) யமதர்மராஜனுடைய கணக்கரான சித்திரகுப்தருக்குக் காஞ்சீபுரத்தில் தனிக் கோயிலே இருக்கிறது. ஆனால் அந்தக் கோயிலில் கும்பிடுகிறவர்களின் மனோபாவத்தைக் கவனித்தால் விஷயம் விளங்கிவிடும். சித்திரகுப்தரிடம் நமக்குப் பக்தி உண்டு, பயமும் உண்டு. உறவு கொண்டாட மட்டும் யாருக்கும் துணிவு இல்லை. நம் பாவங்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறவரோடு எவர்தான் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொள்வார்?

கிராமத்துக் கர்ணத்தின் நிலையும் இதுவே. எவர் நிலம் எவ்வளவு, எவர் தீர்வை பாக்கி, எவர் புறம்போக்கில் கால் நீட்டியிருக்கிறார் என்பதெல்லாம் அவர் கட்டில் இருந்தன. அவர் வாய் திறந்தாலும் ஆபத்து, திறக்காவிட்டாலும் ஆபத்து. பரம்பரையாக வந்த அந்தக் கிராம உத்தியோகங்களைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தால் எடுத்துவிட்டது. உத்தியோகம் போயிற்று, கணக்கு எழுதுகிறவரைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிற பழக்கம் போகவில்லை. நாம் அவரோடு பேசத் தயங்குகிறோம். பழியை, அவருக்குப் பேசத் தெரியாது என்று அவர் தலையில் சுமத்துகிறோம்.

சீமையிலும் இதே கதைதான். 1969-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் "மாண்டி பைதான்" கோஷ்டியார் நடத்திய ஒரு விகட நாடகத்தில், கணக்கர் ஒருவர் தம் தொழில் சலித்துப்போய்ச் சிங்கத்தைப் பழக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுவார். உம்மைப் போன்ற உப்புச்சப்பற்ற மனிதருக்குக் கணக்கு வேலையே தகுதி என்று ஆலோசனை சொல்லுகிறவர் அடித்துவிடுவார். அந்நாட்டார் அன்றுமுதல் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய இலக்கியத்திலே சம்பாஷணைக்குப் பேர்போன சார்லஸ் லாம் யார்? கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை ஆபீஸில், கணக்கு இலாகாவில், 1792 முதல் 1825 வரை 33 வருஷம் பேரேடு எழுதியவர். போதாக்குறைக்கு அவருக்குத் திக்குவாய் வேறு. அப்படியிருந்தும் வாரந்தோறும் மாலையில் அவர் வீட்டில் கூடாத எழுத்தாளர் லண்டனில் சொற்பம். திக்கித் திக்கி அவர் சொல்லும் ஒரு சிலேடைக்காக மற்றவர்கள் காத்திருப்பார்களாம்.

லண்டன் இருக்கட்டும். நம் ஊருக்கு வருவோம்.

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்கு எத்தனை கை மாறவேண்டும் என்பது வெளியூர்க்காரருக்குச் சுலபத்தில் விளங்காது. நூல் ஓரிடத்தில் வாங்கப்படுகிறது. அது நிட்டிங் கம்பெனிக்குப் போய்த் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பவர் டேபிளில் தைப்பு, செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பாதிக்கு மேல் வெளியே "ஜாப் ஒர்க்" கொடுத்துச் செய்து வாங்குவதே இவ்வூர் வழக்கம். ஒரு சிறிய கம்பெனி என்றாலும் இருபது முப்பது பேருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டொருவரிடமிருந்துதான் பணம் வரவேண்டியிருக்கும், அதுவும் மாதக் கணக்கில் தாமதித்து. இந்த இரண்டுக்கும் நடுவிலே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்திருப்பவரே அக்கவுண்டண்ட்.

அந்த மேஜையருகில் ஒரு பகற்பொழுது இருந்து கவனித்தோம். காலையில் நிட்டிங்காரர் வந்தார்.

"ஏனுங்ண்ணா, போன மாசத்துப் பில்லு என்னாச்சுங்க? நூறு தடவ நடக்கறனுங்க."

"வாங்ண்ணா, உட்காருங்க. டீ சாப்புடுங்க. பொண்ணு கலியாணம் எப்படிங்க ஆச்சு? நான்தான் வர முடியல. பில்லு பாதி வெள்ளிக்கெழம போட்டர்றனுங்க. மீதி, இத்தாலிக்காரன் பணம் வந்த மறுநாள். மொதலாளிகிட்டக் கேக்காதீங்க, எங்கிட்டயே கேளுங்க."

நிட்டிங்காரர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். பணம் ஒரு காசு பெயரவில்லை, மனமும் முறியவில்லை. பகலில் சாயப்பட்டறைக்காரரோடு எடைத் தகராறு. 100 கிலோ துணி சாயத்துக்குப் போனால் 100 கிலோவாகத் திரும்பி வருவதில்லை. எவ்வளவு குறையலாம், எவ்வளவுக்கு மேல் குறைந்தால் பட்டறைக்காரர் பொறுப்பு என்பதில் இரு தரப்பாருக்கும் இந்த ஊரில் சண்டை ஓய்ந்ததே இல்லை. அதன்பின் பாங்கியிலிருந்து ஒருவர். வரி இலாகாவிலிருந்து ஒரு நோட்டீஸ். தீபாவளி போனஸில் பிடித்துக் கொள்ளும்படி அட்வான்ஸ் கேட்டு வந்த ஒரு தையற்காரர். நாலைந்து ஹிந்தி வார்த்தைகளைக் கொண்டே சமாளிக்கப்பட்ட ஒடிஸாக்காரப் பிள்ளைகள் இருவர். அன்று அவர் கணிப்பொறியைத் தொட்டது மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கலாம். மற்றதெல்லாம் பேச்சு. அதிலும் பெரும்பாலும் "இல்லை" என்கிற பேச்சு. கேட்டவர் கோபித்துக் கொள்ளாமல் "இல்லை" சொல்லுவதைக் காட்டிலும் கடினமான சம்பாஷணை உலகத்தில் என்ன இருக்கிறதென்று எமக்குத் தெரியவில்லை. முதலாளி "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அந்தப் "பார்க்கலாம்" என்பதற்குத் தேதி போட வேண்டியவர் கணக்கர்.

சனிக்கிழமையில் இந்த வித்தைக்கு உச்சம். திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் வாரச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள், பீஸ் ரேட் எத்தனை டஜன், பிடித்தம் என்ன என்று போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு சாதாரணமானதல்ல; பஞ்சப்படி கோரி 1984-ல் இவ்வூர்த் தொழிலாளர் 127 நாள் வேலை நிறுத்தம் செய்திருக்கிறார்கள். அத்துடன் இங்கே முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் அதே மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். ஆகையால் இரு பக்கத்தாருக்கும் கணக்குத் தெரியும். ஏமாற்றவும் முடியாது, மழுப்பவும் முடியாது.

2016-ஆம் வருஷத்துச் சனிக்கிழமை ஒன்றை இவ்வூர்க் கணக்கர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவில் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் வந்த சனிக்கிழமை 12-ந் தேதி. பாங்கிக் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 10,000 ரூபாய், வாரத்துக்கு 20,000 ரூபாய்தான் எடுக்கலாமென்று முதலில் வரம்பு கட்டியிருந்தார்கள். நூறு பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு அது எந்த மூலை? சம்பளத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற குடும்பங்கள். வீட்டு வாடகைக்காரர் வாசலில். வடக்கே ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய இளைஞர்கள். பாதியை நூறு ரூபாய் நோட்டாகக் கொடுத்து மீதியை எழுதி வைத்துக் கொண்டவர்கள் உண்டு. மளிகைக் கடைக்காரரிடம் நேரிலே போய் நின்று, "இந்தப் பத்துக் குடும்பத்துக்கும் நான் ஜவாப்தாரி, அரிசி பருப்பு கொடுங்கள்" என்று சொன்ன கணக்கரையும் நாம் அறிவோம். பாங்கிக் கணக்கே இல்லாதவர்களை வரிசையாய் அழைத்துக் கொண்டுபோய்ப் பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வாரம் கூட்டலும் கழித்தலும் தெரிந்திருந்து என்ன பயன்? கடைக்காரர் எவருடைய வார்த்தையை நம்புவார் என்பதே கேள்வியாயிருந்தது.

வாய் பேசுகிற இதே மனிதர்கள் கல்யாண வீட்டில் ஏன் ஊமையாகிவிடுகிறார்கள்? இதற்கும் காரணம் உண்டு. பந்தியில் பக்கத்திலே உட்கார்ந்திருப்பவர் கம்பெனியின் பாக்கி இவருக்குத் தெரியும். எதிரே இருப்பவர் மகனுக்குப் பெண் பார்க்கிறார். அவர் பாங்கியில் வைத்திருக்கும் அடமானமும் இவருக்குத் தெரியும். "என்னங்க, அவங்க கம்பெனி எப்படிங்க போகுது?" என்று பெண் வீட்டார் நயமாகக் கேட்பார்கள். ஆடிட்டராக இருந்தால், கட்சிக்காரருடைய விஷயத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். 1949-ஆம் வருஷத்துச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் சட்டம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லுகிறது. சாதாரணக் கணக்கருக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் சோறு இருக்கிறது. ஆகவே சாம்பாரில் உப்பு சரியாயிருப்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கையலம்பப் போகிறார். ஊர் அவரை உம்மணாமூஞ்சி என்கிறது. அவர் வாய் திறந்தால் எத்தனை கல்யாணங்கள் நின்றுபோகும் என்பதை ஊர் யோசிப்பதில்லை.

மில்களும் பனியனும் பெருகுவதற்கு முன் திருப்பூர் கதருக்குப் பேர்போன ஊர். அகில பாரதச் சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இதுவே தலைமையிடமாயிருந்தது. 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு உயிர்நீத்த குமரனை நாடு அறியும். கதர் இயக்கத்திலும் கணக்கு எழுதினவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் பாடவில்லை. கிராமத்துக் கிழவி நூற்றுக் கொண்டுவந்த நூலை நிறுத்து, நம்பர் பார்த்துக் கூலி கொடுத்து எழுதுவது அவர்கள் வேலை. நூற்பவர்களின் கூலியை உயர்த்தியாக வேண்டும் என்று 1935-ல் காந்தி மகான் வற்புறுத்தியபோது, கதர் விலை ஏறுமே என்று வாங்குகிறவர்களுக்கும், கூலி ஏறுகிறதென்று கிழவிக்கும் எடுத்துச் சொல்லும் பாரம் இத்தகையவர்கள் மேலேயே விழுந்தது.

காந்திஜியின் பக்கத்திலேயே ஒரு தமிழ்க் கணக்கர் இருந்தார் அல்லவா? 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா லண்டனில் கணக்குத் தொழில் பயின்று, பம்பாயில் ஆடிட்டராயிருந்தவர். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தவர். 1929-ல் காந்திஜியைச் சந்தித்தார். குஜராத்தில் மாத்தர் தாலூகாவின் பொருளாதார நிலையை ஆராய்ந்து எழுதும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குஜராத்தி பாஷை தெரியாது. வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக் கொண்டு 54 கிராமங்களின் விவரத்தைச் சேகரித்தார். குடியானவன் என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு கடன், எவ்வளவு தீர்வை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கு அது. அந்நியர்களிடம் எந்த ஏழையும் தன் கடனைச் சொல்லிவிடமாட்டான். சொல்ல வைத்ததே அந்தக் கணக்கின் முதல் வரி.

அவர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் என்று நாம் சொல்லமாட்டோம். முன்கோபி, தயவு தாட்சண்யம் அறியாதவர். 1934-ல் பீஹார் பூகம்ப நிவாரண நிதிக்கு அவர் பொருளாதார ஆலோசகர். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு மூன்று அணா என்று வரம்பு கட்டியிருந்தார். காந்திஜியும் அவர் பரிவாரமும் வந்தபோது, இவர்கள் செலவை நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டாராம். காந்திஜி காரணத்தைக் கேட்டறிந்து, அது சரிதான் என்று ஒப்புக் கொண்டார் என்று சொல்வார்கள். காந்தி மகானிடமே "இல்லை" சொல்லிவிட்டு, அதன் பின்னும் அவருடைய அன்புக்குப் பாத்திரராயிருந்தவருக்குப் பழகத் தெரியாது என்று யார் சொல்லமுடியும்? கடைசிக் காலத்தை மதுரை ஜில்லாவில் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்திஜி மறைந்த அதே தேதியில் காலமானார்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், வாயாடிப் பெண்ணின் தாயாருக்கு நாம் பதில் சொல்லாதவர்களாவோம். இந்தியாவிலேயே முதற்பெண் கணக்காய்வாளர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். 1907-ல் பிறந்தவர், தேசிய இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஒரு வருஷம் இருந்தவர், வெளிவந்து படித்து 1933-ல் தேறினார். சிறை சென்றவர் என்ற காரணத்தால் பதிவு செய்ய மறுத்தபோது வழக்காடி வெற்றி பெற்றார். கதர்ப் புடவையோடு ஆபீஸ் நடத்தினார். 1955 முதல் 1958 வரை தென்பிராந்தியக் கணக்காய்வாளர் சபைக்குத் தலைவராயிருந்து, ஆண்கள் நிறைந்த கூட்டங்களை நடத்திய அம்மையாருக்கு வாய் இல்லாமலா இருந்திருக்கும்?

இன்னொருவர் பெயரையும் சொல்ல ஆசை. சென்னைத் துறைமுக டிரஸ்டில் தலைமைக் கணக்கராயிருந்த நாராயணய்யர். 1912 மார்ச்சு 1-ந் தேதி, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவருடைய இலாகாவில் ஒரு குமாஸ்தா வந்து சேர்ந்தார், பெயர் ராமானுஜன். இரவிலே இருவரும் திருவல்லிக்கேணியில் அய்யர் வீட்டில் சிலேட்டுப் பலகைகளை வைத்துக் கொண்டு கணிதம் போடுவார்கள். ராமானுஜன் நடுவிலுள்ள படிகளையெல்லாம் விட்டுவிட்டு ஒரே தாவலில் விடைக்குப் போய்விடுவார். "எனக்கே விளங்கவில்லையே, மற்றவர்களுக்கு எப்படி விளங்கும்? படிப்படியாக எழுதும்" என்ற கருத்தில் அய்யர் வற்புறுத்துவாராம். மேலதிகாரியான ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் பிள்ளையாண்டானைப் பற்றி எடுத்துச் சொன்னவரும் அவரே. பக்கத்து மேஜைக்காரன் யார் என்று கண்டுகொள்வதும் ஒரு பழகும் திறமைதான்; அதில் இந்தக் கணக்கருக்கு நிகரானவர் நம் தேசத்தில் அதிகமில்லை.

கணக்கர்களிலே சங்கோசிகளே கிடையாதென்று நாம் சாதிக்கவில்லை. நிறைய உண்டு, உபாத்தியாயர்களிலும் உண்டு. முன்பு அவர்களுக்கு ஓர் ஒதுக்கிடம் இருந்தது: பின்கட்டில் உட்கார்ந்து கூட்டிக் கொண்டே இருக்கலாம். அந்த ஒதுக்கிடத்தை டாலி முதலான கணிப்பொறி ஏற்பாடுகள் பறித்துக் கொண்டுவிட்டன. கூட்டல் அதற்கு, மனிதர்கள் இவருக்கு. 2024 மார்ச்சுக் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். சிறு தொழில்காரரிடம் வாங்கியதற்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுத்துவிடவேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரிச் சட்டத்திலே புதிதாகச் சேர்ந்த விதி அப்போதுதான் முதன்முறையாகக் கடித்தது. மாமன் மச்சான் உறவிலும் முகதாட்சண்யத்திலும் மாதக்கணக்கில் கடன் ஓடிக்கொண்டிருந்த ஊரில், இதை முதலாளிக்கும் பட்டறைக்காரருக்கும் எடுத்துச் சொல்லிப் பகையில்லாமல் முடித்துவைத்தது எந்தக் கணிப்பொறி? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மேல் சுங்க வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது, விலையில் எவ்வளவு விட்டுக் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும் என்று இரவு பகலாய் முதலாளியோடு உட்கார்ந்து, நடுநடுவே அவருக்குத் தைரியமும் சொன்னவர் யார்?

சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் படிப்பை நடத்தும் ஸ்தாபனமே இதை உணர்ந்திருக்கிறது. பேச்சுத் திறமையிலும் நாலு பேரோடு பழகுவதிலும் பயிற்சி வகுப்பு முடிக்காமல் அங்கத்தினராக முடியாது என்று விதி செய்திருக்கிறார்கள்.

ஆகவே, காமர்ஸ் வேண்டுமென்று வருகிற பிள்ளைகளிடம் நாமும் மார்க்கைப் பார்த்த பிறகு ஒரு கேள்வி கேட்பதுண்டு: "உன்னிடம் பணம் கேட்டு வருகிறவனிடம், அவன் வருத்தப்படாமல் இல்லையென்று சொல்லத் தெரியுமா?" பெரும்பாலோர் விழிப்பார்கள். சென்ற வருஷம், வாயே திறக்கமாட்டான் என்று தகப்பனார் சத்தியம் செய்த பையன் ஒருவன், தரையைப் பார்த்துக் கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"எனக்குத் தெரியாதுங்க சார். எங்கம்மா சீட்டுப் புடிக்கறாங்க. தவணை கட்டாதவங்க வந்தா, மொதல்ல தண்ணி குடுக்கச் சொல்லுவாங்க. நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேனுங்க."

பையனுக்குக் காமர்ஸ் கொடுத்தோம்.